நின்றுபோன நடை, கட்டிலுக்கு அடியில் எடை மெஷின்: மறுபடி தொடங்குவது எப்படி?

ஆனியில் நடக்கத் தொடங்கிப் புரட்டாசிக்குள் ஐந்து கிலோ குறைத்தவருக்கும் ஐப்பசி ஒரு சோதனைதான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ள, விடியற்காலையில் பூங்காப் பாதை முழுக்கத் தண்ணீர். நடுவில் இரண்டு கல்யாணம், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல். கார்த்திகை தீபம் வரும்போது ஷூ மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும். யாராவது கேட்டால் பதில் தயார்: "தை பிறக்கட்டும், மறுபடி ஆரம்பிக்கணும். மனசே வரமாட்டேங்குது."

இந்த "மனசு வரமாட்டேங்குது" என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வேலை எளிதாகிறது. ஊக்கம் வரட்டும், பிறகு நடக்கலாம் என்று உட்கார்ந்திருப்பவரிடம் அது வருவதில்லை. பெரும்பாலும் நாலைந்து நாள் நடந்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். ஆகவே, மனசு இல்லாமலே செய்துவிடக்கூடிய அளவுக்கு முதல் சில நாள் வேலையைச் சிறியதாக்குவதுதான் இங்கே உள்ள முழு நுட்பமும்.

மெஷின் காட்டும் எண்

நான்கு நாள் பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினில் ஏறி நின்றால் இரண்டரை கிலோ கூடியிருக்கும். மூன்று மாத உழைப்பு நாலு நாளில் போய்விட்டதே என்று அடிவயிறு கலங்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர, உடம்பின் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போகவேண்டும். இரண்டரை கிலோவுக்கு 19,000-க்கும் மேல். நான்கு நாளில் அதை எட்ட, வழக்கமான சாப்பாட்டுக்கும் மேலே தினமும் 4,800 கலோரி. ஒரு லட்டுக்கு 200 என்று வைத்தால் நாளுக்கு 24 லட்டு. எவ்வளவு பெரிய இனிப்புப் பிரியரும் அதைச் செய்வதில்லை.

அப்படியென்றால் கூடியது என்ன? சோறும் இனிப்பும் குறைவாகச் சாப்பிட்டுவரும்போது உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரை இருப்பான கிளைக்கோஜன் இறங்கியிருக்கும். பண்டிகையில் அந்த இருப்பு மறுபடி நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். 300 கிராம் நிரம்பினாலே மெஷினில் ஒரு கிலோ இருநூறு கிராம் ஏறிவிட்டது. மிக்சர், தட்டை, ஊறுகாய் என்று உள்ளே போன உப்பு இன்னும் கொஞ்சம் நீரை நிறுத்தும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இதில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் தானாக இறங்கிவிடும்.

இதிலும் ஒரு வினை உண்டு. முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கியதும் குஷியாகி, இரண்டாம் வாரம் 300 கிராம்தான் என்றதும் சோர்ந்துபோய் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் போனது தண்ணீர். அந்த 300 கிராம்தான் அசல் வரவு.

இரண்டு மாத இடைவெளி விழுந்திருந்தால் கொழுப்பும் உண்மையிலேயே சேர்ந்திருக்கும். ஆனால் சேர்ந்த விதத்தைப் பார்த்தால் விருந்துகளுக்கு அதில் பங்கு குறைவு. 70 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால் 150 முதல் 180 கலோரி செலவாகும், அது நின்றது. மாலை டீயோடு ஒரு உளுந்து வடை சேர்ந்தது; எண்ணெய் குடித்த அளவைப் பொறுத்து அது 100-ஐத் தாண்டும். மூன்று வேளை காபியில் தலா ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடியது, 60. எல்லாம் சேர்த்து நாளுக்கு 300-ஐ ஒட்டி. அறுபது நாளில் 18,000 கலோரி, ஏறக்குறைய இரண்டேகால் கிலோ. திரும்பிப் போகவேண்டிய தூரமும் அதேதான்: ஒரு நடை, ஒரு வடை, மூன்று ஸ்பூன் சர்க்கரை. இதற்குப் புது டயட் சார்ட் தேவையில்லை, விலை உயர்ந்த பவுடரும் தேவையில்லை.

அமெரிக்காவில் 195 பேரை ஒரு வருடம் தொடர்ந்து எடை பார்த்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அங்குள்ள நவம்பர் முதல் ஜனவரி வரையான பண்டிகைக் காலத்தில் கூடிய சராசரி எடை வெறும் 0.37 கிலோ. ஆனால் அடுத்து வந்த வசந்தத்திலும் கோடையிலும் அது இறங்கவில்லை. பண்டிகை செய்யும் சேதம் சிறியது. பண்டிகை முடிந்தபின் பழைய வழக்கத்துக்குத் திரும்பாததுதான் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகிறது.

முழுக்க நனைந்த பிறகு

"முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு" என்போமே, சறுக்கியவர் மனதில் ஓடுவது அதேதான். காலை பதினோரு மணிக்கு ஆபீஸில் யாரோ நீட்டிய ஒரு மைசூர்பாகு. "இன்னிக்கு டயட் போச்சு." போனதுதான் போனது என்று மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா. மைசூர்பாகை மட்டும் தின்றுவிட்டு வழக்கமான மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் அந்த நாளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர் சக ஆய்வாளருடன் 1975-ல் இதைச் சோதித்துக் காட்டினார். மில்க் ஷேக் குடிக்கவைத்த பிறகு ஐஸ்கிரீமை எடுத்து வைத்தால், சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். எடைக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் ஒருமுறை முறிந்துவிட்டது என்ற எண்ணம் வயிற்றின் பேச்சைக் கேட்கவிடவில்லை.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், சறுக்கல் வேறு, பழைய நிலைக்கே போய்விடுவது வேறு என்று பிரித்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போவது, சறுக்கியவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணம். "எனக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று சொல்லிக்கொண்டால் அடுத்து செய்ய ஒன்றும் மிச்சமில்லை. "மதியம் சாப்பிடாமல் போனதால் நாலு மணிக்கு பஜ்ஜி நாலு உள்ளே போனது" என்றால் நாளைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நடந்தது ஒன்றுதான், ஆனால் இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யமுடியும்.

தன்னைத் திட்டிக்கொண்டால் ரோஷம் வரும், திருந்துவோம் என்று பலர் நம்புகிறார்கள். கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் 2007-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நேர் எதிராக வந்தது. பெண்களுக்கு டோநட் கொடுத்துச் சாப்பிடவைத்தார்கள். பிறகு சிலரிடம் மட்டும், "எல்லாரும் சாப்பிடுவதுதானே, இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்" என்ற தொனியில் பேசினார்கள். உணவில் அதிகக் கட்டுப்பாடு வைத்திருந்த பெண்களில், அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் அடுத்து வைத்த மிட்டாயைக் குறைவாகவே எடுத்தார்கள்.

உடம்பின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழு 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்து, ஒரு வருடம் கழித்தும் இரத்தத்தைப் பார்த்தது. பசியைத் தூண்டும், நிறைவைச் சொல்லும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. பசி கூடுதலாகவே இருந்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது. எடை குறைந்தவருக்கு முன்பைவிடப் பசிப்பது மனவுறுதிக் குறைவால் வருவதில்லை என்று புரிந்தால், பசிக்குத் தகுந்த ஏற்பாட்டைத் தட்டில் செய்யலாம்.

எது முதலில் நின்றது?

ஒரு தாளை எடுத்து, எந்த வாரம் விட்டுப்போனது, அந்த வாரத்தில் என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதுங்கள். "சோம்பேறித்தனம்" என்று எழுதக்கூடாது. அது காரணமாகாது, பட்டப்பெயர்.

நிறையப் பேருக்கு முதலில் நின்றது தூக்கம். கிரிக்கெட்டோ செல்போனோ பன்னிரண்டு மணியாக்குகிறது, ஐந்தரை அலாரத்தை அணைக்கிறார்கள், நடை போகிறது, நடை போன நாளில் "இனிமே என்ன" என்று காலை டிபனில் பூரி வருகிறது. இவர் சரிசெய்யவேண்டியது இரவு பத்தரை மணியை. பூரியைப் பிடித்துக்கொண்டு போராடிப் பயனில்லை.

குதிகால் வலியோ முட்டி வலியோ வந்து நிறுத்தியவர், வலியைக் கவனிக்காமல் அதே நடைக்குத் திரும்பினால் பத்து நாளில் மறுபடி உட்கார்ந்துவிடுவார். பழைய ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் முதல் செலவு அங்கேதான்.

பலரும் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு: முந்தைய திட்டமே வாழ முடியாததாக இருந்திருக்கும். ராத்திரி வெறும் ஓட்ஸ் கஞ்சி, சோறே கிடையாது, நாளுக்கு 1,000 கலோரி. மூன்று மாதம் பல்லைக் கடித்து ஓட்டி, நாலாவது மாதம் உடைந்தது. இப்படி உடைந்தவர் "மறுபடி அதே மாதிரி இருக்கணும்" என்று ஊக்கத்தைத் தேடுகிறார். அந்தத் திட்டத்துக்குத் திரும்ப மனசு வராதது நல்லதுதான்.

இன்னும் சிலருக்கு எடை ஓரிடத்தில் நின்றுபோனதால் வெறுத்துப்போயிருக்கும். 82 கிலோ உடம்பைவிட 75 கிலோ உடம்புக்குச் செலவு குறைவு. முதலில் இறக்கிய அதே சாப்பாடு இப்போது இறக்காமல், வெறுமனே நிலைநிறுத்தும். நின்றதும் ஒரு வரவுதான் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதே எடையைக் காப்பாற்றுவது எங்கள் கருத்தில் மிக நல்ல பயிற்சி. விட்டு ஏறியவருக்கு அதன் அருமை தெரியும்.

முதல் 14 நாள்

ஆரம்ப சூரத்தனம்தான் இங்கே பெரிய எதிரி. குற்ற உணர்ச்சி வேகத்தில் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடி, மூன்றாம் நாள் கால் எழவிடாமல், ஐந்தாம் நாள் நின்றுவிடுகிறது. இந்தப் பதினான்கு நாளில் இலக்கு எடை கிடையாது, வருகைப் பதிவு மட்டும்.

நடையைப் பழைய நேரத்தில் பாதிக்கும் கீழே வையுங்கள். 45 நிமிடம் நடந்தவர் 15 அல்லது 20. இன்னும் போகத் தெம்பு இருந்தாலும் திரும்பிவிடுங்கள், நாளைக்கு வரவேண்டும். "காலையில் நடப்பேன்" என்பது கைநழுவும். "பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றியதும் வீட்டுக்குள் வராமல் அப்படியே நடப்பேன்" என்றால் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் வேன் தினமும் வரும். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடம் கூட்டினால், ஓரிரு மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை எட்டித் தாண்டிவிடலாம்.

ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்து ஒரு மாதத்துக்கு மேல் விட்டவர், முன்பு தூக்கிய எடையில் பாதியும், பயிற்சிக்கு இரண்டு செட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை வலி அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வரும். மூன்று நாலு நாளில் தணியும். ஆனால் கடும் வலி, வீக்கத்தோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு அளவுமீறிச் செய்பவர்களுக்கு வரக்கூடியது.

சாப்பாட்டில் மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றவேண்டாம். மதியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சோறு ஒருமுறை போட்டுச் சாப்பிடுவதில்லை. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்"தான், மூன்றும் சேர்ந்தால் நாலு கப். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஒரு கப் 150 கிராம் என்றால் 200-ஐ நெருங்கும். சாம்பாருக்கு ஒரு கப், ரசத்துக்கு அரை கப், மோரைக் குடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் ருசி எதுவும் போகாமல் 400 கலோரிக்கு மேல் குறைகிறது. காலியான இடத்தில் பொரியலோ கூட்டோ இரண்டு கரண்டி கூடுதலாக. உருளைக்கிழங்கு ரோஸ்ட் அந்தக் கணக்கில் வராது.

பதினோரு மணிப் பசி உங்களை டீக்கடைக்கு இழுக்கிறதென்றால் காலை டிபனில் புரதம் போதவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். இட்லி தேங்காய்ச் சட்னியில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். இட்லியில் ஒன்றைக் குறைத்து, அவித்த முட்டை ஒன்று (6 கிராம்) அல்லது ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் (12 கிராம் வரை) சேர்த்துப் பாருங்கள். பசி பன்னிரண்டரை வரை தள்ளிப்போகும்.

எண்ணெய்க்கு ஸ்பூன் கணக்கு யாரும் வைக்கமாட்டார்கள், அதனால் பாக்கெட் கணக்கு. ஆளுக்கு நாளைக்கு மூன்று டீஸ்பூன் என்றால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டருக்குள் முடியவேண்டும். மூன்றாவது லிட்டர் பாக்கெட்டைப் பிரித்த தேதியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

மெஷினில் முதல் ஏழு நாள் ஏறவேண்டாம்; தண்ணீர் எடையைப் பார்த்துப் பயப்படுவதால் ஒரு லாபமும் இல்லை. எட்டாம் நாள் கட்டாயம் ஏறவேண்டும். பயத்தில் மாதக்கணக்கில் மெஷினைத் தவிர்ப்பதுதான் இரண்டு கிலோவை ஆறாக்குகிறது. காலையில் கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன், வாரம் மூன்று நாள் பார்த்து சராசரி எடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கட்டி ஒன்று, ஒன்றரை கிலோ வரை கூடக் காட்டலாம். போன மாதம் இதே கட்டத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம். இடுப்புச் சுற்றளவையும் குறித்துவையுங்கள். இந்தியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் என்பது கவனிக்கவேண்டிய எல்லை.

பால் கணக்குப் போடும் மாதக் காலண்டரிலேயே நடந்த நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். ஒரு வட்டம் விடுபட்டால் பதறவேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுவாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. தொடர்ந்து இரண்டு நாள் விடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் போதும்.

மழை, கல்யாணம், "ஒண்ணே ஒண்ணு"

சறுக்கும் இடங்கள் முன்பே தெரிந்தவைதான். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இங்கே உதவும்: "இப்படி ஆனால், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. மழை பெய்தால் ஹாலிலிருந்து சமையலறைப் பின்வாசல் வரை 15 நிமிடம் நடப்பேன். கல்யாணத்துக்குப் போனால் பாயசம் உண்டு, சோறு ஒருமுறை மட்டும், பரிமாறுபவர் இரண்டாம் முறை வருவதற்குள் இலையை மடிப்பேன். இதுபோல மூன்று போதும். பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

விருந்துக்கு மறுநாள் பட்டினி கிடப்பது பிராயச்சித்தம் போலத் தோன்றும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பசி டப்பாவைத் திறக்கவைக்கும், கணக்கு முன்பைவிட மோசமாகும். விருந்துக்கு அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, வழக்கமான அளவு.

"இளைச்சு கறுத்துப் போயிட்டியே, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ" என்று அத்தை தட்டை நீட்டும்போது கலோரி பாடம் எடுப்பது வீண். "நல்லா இருக்கு அத்தை, வீட்டுக்கு ரெண்டு கட்டிக் கொடுங்க" என்றால் அவருக்கும் திருப்தி. வீட்டுக்கு வந்தது பிள்ளைகளுக்கு.

தை முதல் நாள், பிறந்தநாள், திங்கட்கிழமை போன்ற தொடக்க நாட்களுக்கு உண்மையிலேயே ஒரு தள்ளுவிசை உண்டு. அந்த நாள் நாளையோ மறுநாளோ என்றால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கார்த்திகையில் உட்கார்ந்துகொண்டு தைக்குக் காத்திருந்தால், நடுவிலுள்ள வாரங்கள் "எப்படியும் தையில் நிறுத்தப்போறோமே" என்று தின்பதற்கான அனுமதியாகிவிடும்.

ஊக்கக் குறைவு என்று நினைத்தது வேறாக இருக்கலாம்

சாப்பாடு மாறாமலே எடை ஏறுகிறது, எப்போதும் களைப்பு, குளிர் தாங்கவில்லை, மலச்சிக்கல், முடி கொட்டுகிறது என்றால் தைராய்டு பரிசோதனை செய்யவேண்டும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவையும் எடையைக் கூட்டும்; தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே விருப்பமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. நிறுத்தமுடியாமல் ஒரே மூச்சில் ஏராளமாகச் சாப்பிட்டுவிட்டு வெட்கப்படுவது வாராவாரம் நடக்கிறதென்றால் அதற்கும் மருத்துவ உதவி தேவை. இன்னொரு டயட் அதை மோசமாக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பிறகே தொடங்கவேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

அடுத்த சறுக்கலுக்கு இன்றே ஒரு தாள்

வட்டங்கள் நன்றாக விழுந்துகொண்டிருக்கும் வாரத்தில் செய்யவேண்டிய வேலை இது, ஏனென்றால் சறுக்கிய நாளில் யோசிக்கத் தெம்பு இருக்காது. அரைத் தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி, காபிப் பொடி டப்பா இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். முதல் வரி: அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. இரண்டாவது: நாளைக்கு 15 நிமிடம், வேன் போனதும். மூன்றாவது: மெஷினில் ஏறும் தேதி, இன்றிலிருந்து எட்டாம் நாள். நாலாவது வரியைக் காலியாக விட்டு வையுங்கள். இந்த முறை எது முதலில் நின்றது என்பதை அப்போது எழுதிக்கொள்ளலாம்.